கரை தொட்ட கயிறு

எங்கள் வீட்டுக்காரர் இருந்த கப்பல் ஏழு மாதமாகத் துறைமுகத்துக்கு வெளியே நங்கூரம் போட்டு நின்றது. நான் மீன் ஏலம் விடும் கொட்டகையில் ஐஸ் உடைக்கும் மேடைக்குப் பக்கத்தில் நின்று பார்த்தால் அதன் புகைபோக்கி தெரியும். தினமும் முதல் கூடையைத் தொடும் முன் ஒரு தடவை பார்த்துக்கொள்வேன். புருஷன் எங்கேயோ கண்காணாத கடலில் இருக்கிறான் என்றால் மனதைத் தேற்றிக்கொள்ளலாம். கூப்பிடு தூரத்தில் நிற்கிறவனை நினைத்து என்னவென்று அழுவது?

கப்பல் உள்ளே வராததற்குக் காரணம் எதிரி இல்லை, ஆழக் குறைவு இல்லை, இடப் பஞ்சமும் இல்லை. பணம்தான். எந்தப் புண்ணியவானோ ஒரு காலத்தில் ஒரு சட்டம் எழுதி வைத்துவிட்டான். போர்க்கப்பல் சொந்தத் துறைமுகத்துக்கு வந்து சேர்ந்தால், அன்று பொழுது சாய்வதற்குள் அதில் உள்ள ஒவ்வொருவனுக்கும் பாக்கிச் சம்பளம் முழுவதையும் தீர்த்து அவனை விடுவிக்க வேண்டும். கடற்படையிடம் கொடுக்கப் பணம் இல்லை. சட்டத்தை எடுத்துவிட்டால் ஊர் காறித் துப்பும். அதனால் கப்பலை வந்து சேரவிடாமல் வெளியிலேயே நிறுத்திவிட்டார்கள். வராத கப்பலுக்கு யார் சம்பளம் கேட்பது? எவன் மூளையில் உதித்ததோ இந்த யோசனை, அவன் மட்டும் என் கையில் கிடைத்திருந்தால் மீன் வெட்டும் கட்டையில் வைத்திருப்பேன்.

பணம் இல்லை என்று அவர்கள் சொன்னதுதான் எனக்கு அடிவயிற்றில் எரிந்தது. சோப்பு வாங்கினால் கப்பல் நிதி, பஸ் ஏறினால் கப்பல் நிதி, சினிமா பார்த்தால் கப்பல் நிதி. ஏலத்தில் ஒவ்வொரு கூடை விலை படிந்ததும் "கப்பலுக்கு ஒண்ணு!" என்று நானே கத்தி ஒரு காசைத் தகர டப்பாவில் போட வேண்டும். என் தொண்டையை வைத்தே வசூல். அந்தக் காசெல்லாம் புதுக் கப்பல் கட்டப் போனது. புதுக் கப்பலைத் தண்ணீரில் இறக்கினால் பேண்டு வாசிப்பார்கள், பேப்பரில் படம் வரும். பழைய சம்பளத்தைக் கொடுத்தால் எவன் படம் எடுப்பான்?

என் தொண்டையைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். எனக்குப் பெயர் வைத்த அம்மாவே அந்தப் பெயரை மறந்துபோய் 'லவுட்ஸ்பீக்கர்' என்றுதான் கூப்பிட்டாள். ரகசியம் பேசத் தெரியாத பிறவி நான். கல்யாணத்துக்குப் பெண் பார்க்க வந்தபோது காபி வேண்டுமா என்று நான் கேட்டது எதிர்வீட்டுக்குக் கேட்டு அங்கிருந்து "வேண்டாம்" என்று பதில் வந்ததாக என் அண்ணன் இன்னமும் எல்லோரிடமும் சொல்லிச் சிரிப்பான். இந்த ஏழு மாதமும் அந்தத் தொண்டைக்குத்தான் ஊரில் மரியாதை.

ஞாயிற்றுக்கிழமைகளில் கப்பல்காரர்களின் வீட்டுப் பெண்கள் எல்லோரும் அலைத்தடுப்புக் கற்களின் கடைசி முனைக்குப் போய் நிற்போம். அவர்கள் கப்பலின் கம்பியோரம் வந்து நிற்பார்கள். காற்று நம் பக்கமிருந்து அடித்தால் நாம் சொல்வது அவர்களுக்குப் போகும், அவர்கள் சொல்வது கேட்காது. எதிர்க்காற்றென்றால் என் குரல் ஒன்றுதான் போகும். அதனால் எல்லோருடைய சேதியையும் நானே கத்தினேன். "தையல்காரி சொல்றா, பெரியவனுக்குப் பல்லு விழுந்துருச்சாம்!" "புதுப்பொண்ணு கேக்குறா, கனவுல நான் வர்றேனான்னு!" அந்தப் புதுப்பொண்ணு கல்யாணமான ஆறாம் நாளே புருஷனைக் கப்பலுக்குக் கொடுத்தவள். நான் கத்தியதும் முகத்தை மூடிக்கொண்டு கல்லிலேயே உட்கார்ந்துவிட்டாள். கப்பல் முழுக்கச் சிரிப்பு. அவள் புருஷன் இரண்டு கையையும் தூக்கி ஆட்டினான். யார் வீட்டில் யாருக்கு என்ன சண்டை, எவள் மாமியார் எவளை என்ன சொன்னாள் என்பதெல்லாம் கப்பலில் இருந்த கடைசி ஆள்வரைக்கும் தெரியும்.

ஐந்தாவது மாதம் சிரிப்பு நின்றுபோனது. கப்பலுக்குள் நுரையீரல் காய்ச்சல் வந்துவிட்டது. சாப்பாட்டுச் சாமான் ஏற்றிக்கொண்டு போகும் படகு திரும்பும்போது தார்ப்பாய் மூடி வரத் தொடங்கியது. தார்ப்பாய்க்குக் கீழே என்ன என்று யாரும் கேட்கவில்லை. என் வீட்டுக்காரர் பேக்கரியில் அடுப்படி வேலை செய்தவர். சூடு தாங்குவார் என்று கொதிகலன் அறையில் போட்டிருந்தார்கள். இருமல் வந்த பிறகு மேல்தளத்துக்கு மாற்றி, முன்பக்கத்தில் கயிறு எறியும் வேலை கொடுத்திருந்தார்கள். ஞாயிற்றுக்கிழமை அவர் கம்பியைப் பிடித்துக்கொண்டு குனிவதும் நிமிர்வதுமாக இருப்பார். சத்தம் வராது, குனிவது மட்டும் தெரியும். இங்கே நின்று பார்க்கும் எனக்கு நெஞ்சு வலிக்கும்.

ஏழாவது மாதம் அந்தச் செய்தி வந்தது. தண்ணீர் பிடித்துக்கொண்டு கப்பல் வடக்கே போகப்போகிறது. வடக்கே போன மூன்று கப்பலில் ஒன்றும் திரும்பவில்லை. இந்த நோயாளிகளை வைத்துக்கொண்டு அங்கே போய் யாரைச் சுடுவார்கள்? போனால் இவர் வரமாட்டார். அது எனக்குக் கையில் வைத்துப் பார்ப்பதுபோல் தெரிந்தது.

நேரே என் அண்ணன் வீட்டுக்குப் போனேன். அவன் துறைமுகத்தில் கயிற்று மேஸ்திரி. வருகிற கப்பல்களின் கயிறுகளை வாங்கித் துறைமேடையில் இருக்கும் இரும்புத் தூண்களில் மாட்டுவது அவனும் அவன் கீழுள்ள எட்டுப் பேரும் செய்யும் வேலை. தூண் என்றதும் உயரமாக நினைக்க வேண்டாம். இடுப்பளவு இருக்கும், தலை மட்டும் காளான்போல் விரிந்திருக்கும். கப்பலின் கயிறு அந்தத் தூணில் விழுந்தால்தான் கப்பல் வந்து சேர்ந்ததாகக் கணக்கு. துறைமுகக் கோபுரத்தில் உட்கார்ந்திருக்கும் சங்குக்காரன் அதைப் பார்த்துச் சங்கு ஊதுவான். சங்கு ஊதிவிட்டால் கடவுளே வந்தாலும் வரவில்லை என்று சொல்ல முடியாது.

"அண்ணே, தண்ணி பிடிக்க கப்பல் உள்ள வருதுல்ல?" என்றேன்.

அவன் சட்டைக்குப் பட்டன் தைத்துக்கொண்டிருந்தான். தலையைத் தூக்கவில்லை. "வரும். ஆனா வராது. நடுவுல தண்ணித் தோணிய நிறுத்துவாங்க. கப்பல் கயிறு தோணிக்குத்தான். கரைக்கு ஒரு நூல் வரக்கூடாதுன்னு உத்தரவு."

"தோணிக்கும் கரைக்கும் எவ்வளவு தூரம்?"

"அடியே, நீ எங்க வர்றேன்னு எனக்குத் தெரியும். அந்தப் பேச்ச விடு."

"ஒரு கயிறு. ஒரே ஒரு கயிறத் தோணியத் தாண்டி வாங்கித் தூண்ல போடு. உன் மாப்பிள்ள வீட்டுக்கு வந்துருவாரு."

ஊசியைக் கீழே வைத்தான். "வருவாரு. நான் போயிருவேன். துறைமுக வேலைங்கிறதாலதான் என்ன ஆள்பிடி ஆபீஸ்காரன் விலக்கு அட்டை குடுத்து விட்டு வச்சிருக்கான். உத்தரவ மீறினா அட்டையப் பிடுங்கிட்டு அன்னிக்கே கப்பல்ல ஏத்திருவான். ரெண்டு பொட்டப் பிள்ளைங்கள யாரு பாக்கறது? நீ பாப்பியா?"

அண்ணி சமையலறை வாசலில் நின்று கேட்டுக்கொண்டிருந்தாள். அவளுக்கும் எனக்கும் எப்போதும் ஆகாது. ஆனால் அன்று அவள் சண்டைக்கு வரவில்லை. "உன் கஷ்டம் புரியாம இல்ல. ஆனா இவர விட்ரு. உன் கையப் பிடிச்சுக் கேக்கறேன்" என்றாள். அப்படி அவள் என்னிடம் எதையும் கேட்டதில்லை. எனக்குக் கோபம் கோபமாக வந்தது. யார்மேல் என்றுதான் தெரியவில்லை.

"சரி. நீ கயிறத் தொட வேண்டாம். நாங்க பாத்துக்கறோம். நீ அந்தப் பக்கம் திரும்பி நில்லு, போதும்" என்றேன்.

"நீங்கன்னா?"

"பொம்பளைங்க."

அண்ணன் சிரித்துவிட்டான். "அந்தக் கயிறு நனைஞ்சா என்ன கனம்னு தெரியுமா? உங்க முந்தானைன்னு நினைச்சியா?"

"மீன் கூடை தூக்கிப் பாத்திருக்கியா நீ?" என்று கேட்டுவிட்டு வந்தேன். அவன் திரும்பி நிற்கிறேன் என்றும் சொல்லவில்லை, மாட்டேன் என்றும் சொல்லவில்லை.

தண்ணீர் பிடிக்கும் காலை ஏலக் கொட்டகையிலிருந்து நாங்கள் துறைமேடைக்கு வந்தோம். ஒவ்வொருத்தி தலையிலும் ஒரு காலிக் கூடை. மீன்காரிகள் அங்கே போவதும் வருவதும் வழக்கம் என்பதால் காவலுக்கு நின்றவன் மூக்கைப் பிடித்துக்கொண்டு ஒதுங்கினான். தையல்காரிக்குக் கூடையைத் தலையில் வைக்கவே தெரியவில்லை. கண்வரைக்கும் கவிழ்த்துக்கொண்டு, புதுப்பொண்ணின் தோளைப் பிடித்துக்கொண்டு வந்தாள். கடற்படை ஆபீஸர் ஒருவர் மேடையில் நின்றார். உடுப்பில் ஒரு சுருக்கம் இருக்காது. நாங்கள் அவருக்கு வைத்த பெயர் 'இஸ்திரி'. கெட்ட மனிதர் என்று சொல்ல முடியாது. எங்களைப் பார்த்தால் "வாங்கம்மா, போங்கம்மா" என்றுதான் பேசுவார்.

கப்பல் மெதுவாக உள்ளே வந்தது. தூரத்தில் பார்த்துப் பழகிய கண்ணுக்கு அது மலைபோல் வந்தது. துரு வழிந்த பக்கவாட்டில் ஒருவர் மேல் ஒருவர் சாய்ந்து நிற்கும் ஆண்கள். முகமெல்லாம் எலும்பு. இத்தனை மாதம் கல்லில் நின்று கையாட்டியது இந்த முகங்களுக்கா என்று எனக்குப் பதறியது. முன்பக்கத்தில் என் வீட்டுக்காரர், கையில் எறிகயிறு. நுனியில் கனம் கட்டிய மெல்லிய கயிறு அது. அதை முதலில் எறிவார்கள், அதன் வாலில் பெரிய கயிற்றைக் கட்டி அனுப்புவார்கள். தோணியில் அண்ணனின் ஆட்கள் இரண்டு பேர் அதைப் பிடிக்கத் தயாராக நின்றார்கள். அண்ணன் துறைமேடையில், எங்களுக்குப் பக்கத்திலேயே, கடலைப் பார்க்காமல் சரக்குக் கிட்டங்கிச் சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றான். அவன் கழுத்து நரம்பு புடைத்திருந்தது.

"தோணிக்குப் போடு!" என்று கப்பலில் யாரோ அதட்டினார்கள்.

நான் கூடையை எறிந்தேன். வயிற்றிலிருந்து எடுத்துக் கத்தினேன். "என்னங்க! இங்க! எங்கிட்டப் போடுங்க!"

ஏலத்தில்கூட அப்படிக் கத்தியதில்லை. அவர் திரும்பிப் பார்த்தார். கண் என்னைத் தேடிப் பிடித்தது. பேக்கரியில் மாவு மூட்டை தூக்கிய தோள், அவ்வளவு இருமலுக்குப் பிறகும் மறக்கவில்லை. வீசினார். கயிறு தோணிக்கு மேலே பறந்து வந்து தையல்காரி இறக்கி வைத்திருந்த கூடைக்குள்ளேயே விழுந்தது.

"பிடிங்கடி!" என்றேன்.

பிடித்தோம். எத்தனை பேர் என்று எண்ணவில்லை, துறைமேடை முழுக்க நாங்கள்தான். மேலே கப்பலில் பெரிய கயிற்றைக் கட்ட வேண்டாம் என்று ஒருவன் தடுப்பதும் மற்ற ஆண்கள் அவனை நெட்டித் தள்ளுவதும் தெரிந்தது. கட்டிவிட்டார்கள். பெரிய கயிறு தண்ணீரில் விழுந்து, நனைந்து, பிணக் கனம் கனத்தது. உள்ளங்கை தோல் உரிந்தது. ஒருத்தி வழுக்கி விழுந்தாள், அவளைத் தாண்டிக்கொண்டு இழுத்தோம். இஸ்திரி ஓடிவந்து "வேண்டாம்மா, விடுங்கம்மா, உங்களுக்குத்தான் கஷ்டம்" என்று கத்தினார். யார் கேட்டது? கயிற்றின் நுனியில் இருந்த வளையம் மேடைமேல் ஏறியது. நான் அதை இரண்டு கையாலும் தூக்கித் தூணை நோக்கி ஓடினேன்.

அங்கேதான் எனக்குத் தெரியாமல் போனது. வளையத்தை வெளிப்பக்கமாகப் பிடித்து மாட்ட வேண்டும். நான் கூடையைப் பிடிப்பதுபோல் உள்ளே விரல் விட்டுப் பிடித்திருந்தேன். கப்பல் விலகிப் போய்க்கொண்டிருந்தது, கயிறு இறுகிக்கொண்டிருந்தது. தூணுக்கும் கயிற்றுக்கும் நடுவில் என் எட்டு விரலும் இருந்தன.

"விரல எடுடி சனியனே!"

அண்ணன்தான். சுவரைப் பார்த்து நின்றவன் எப்போது திரும்பினான், எப்போது பாய்ந்தான் என்று தெரியாது. என்னை இடித்துத் தள்ளி, வளையத்தைப் பிடுங்கி, தூணில் போட்டான். கயிறு இறுகிப் படாரென்று உதறியது. இருபது வருடம் கயிறு மாட்டிய கை, அவனிடம் கேட்காமலே செய்துவிட்டது. செய்து முடித்த பிறகுதான் அவன் தன் கையைப் பார்த்தான்.

"போச்சு" என்றான், மெதுவாக.

கோபுரத்தில் சங்கு ஊதியது.

அந்தச் சத்தத்தில் நாங்கள் என்னவெல்லாம் செய்தோம் என்று எனக்குச் சரியாக நினைவில்லை. கட்டிப்பிடித்தோம், குதித்தோம், கப்பலில் தொப்பிகள் பறந்தன. கப்பல் மேடையை ஒட்டி வந்ததும் ஏணிப்பலகை இறங்கியது. புதுப்பொண்ணின் புருஷன் பலகையில் ஓடத் தெரியாமல் உருண்டு வந்தான். என் வீட்டுக்காரர் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு நிதானமாக இறங்கினார். எண்ணெய் நாற்றமும் வியர்வை நாற்றமும் அடித்தது. சட்டைக்குள் ஆளே இல்லை.

"கத்திக் கத்தி ஊரையே கூட்டிட்ட" என்றார்.

"உங்களுக்காகத்தான், வேற எவனுக்காகக் கத்துவேன்?" என்றேன். அழுகை வந்துவிட்டது. அவர் என் உரிந்த உள்ளங்கையைத் திருப்பிப் பார்த்துவிட்டு அதில் ஊதினார். இரண்டு தடவைதான் ஊத முடிந்தது, இருமல் வந்துவிட்டது.

சட்டப்படி எல்லாம் நடந்தது. அதைத்தான் சொல்ல வேண்டும். மதியத்துக்குள் துறைமேடையில் ஒரு மேஜை போட்டுக் குமாஸ்தா உட்கார்ந்தார். ஒவ்வொருவராகப் போய்ச் சம்பளம் வாங்கினார்கள். சம்பளம் என்றால் பணம் இல்லை, கப்பல் நிதிப் பத்திரம். வழவழப்பான தாளில் கப்பல் படம் போட்டது. போரில் வெற்றி கிடைத்து ஒரு வருடம் கழித்துப் பணமாக மாற்றிக்கொள்ளலாம்.

"தோத்துட்டா?" என்று தையல்காரி கேட்டாள்.

"அப்படியெல்லாம் பேசக்கூடாதும்மா" என்றார் குமாஸ்தா, பேனாவை மையில் தொட்டுக்கொண்டே.

தொலையட்டும், பணம் போனால் போகட்டும், ஆளைக் கூட்டிக்கொண்டு வீட்டுக்குப் போவோம் என்று நாங்கள் வாசலுக்கு நடந்தோம். கம்பிக் கதவு பூட்டியிருந்தது. அதற்கு முன்னால் இன்னொரு மேஜை. அங்கே ஆள்பிடி ஆபீஸ்காரர்கள் உட்கார்ந்திருந்தார்கள். பக்கத்தில் துப்பாக்கியோடு நாலு பேர்.

இஸ்திரிதான் விளக்கினார். எனக்குப் புரியும்படி, பொறுமையாக, இரண்டு தடவை. மூன்று வருடம் முழுதாக முடித்தவனை மறுபடி பிடிக்க முடியாது, அவனுக்கு அட்டை உண்டு. ஆனால் கப்பல் வந்து சேர்ந்ததும் பழைய கணக்கு அன்றோடு முடிந்துவிடுகிறது. முழுதாக முடிக்காதவன் இப்போது வேலையில்லாத மாலுமி. போர்க்காலத்தில் வேலையில்லாத மாலுமியைப் பிடிக்கலாம். புதுசாக மூன்று வருடம்.

"இவருக்கு நாலு மாசம்தான்யா பாக்கி!" என்றேன்.

"தெரியும்மா. இன்னும் நாலு மாசம் கரையத் தொடாம இருந்திருந்தா முடிஞ்சிருக்கும். அதுக்குத்தான் விடுங்க விடுங்கன்னு கத்தினேன். நீங்க கேக்கல."

அவர் சொன்னதில் கிண்டல் இல்லை. இருந்திருந்தால் நான் அந்த இஸ்திரியைக் கலைத்திருப்பேன். வாயில் வந்ததையெல்லாம் சொன்னேன். அவர் அம்மாவை இழுத்தேன், அரசாங்கத்தை இழுத்தேன், சட்டம் எழுதியவனை இழுத்தேன். துறைமுகம் முழுக்கக் கேட்டிருக்கும். ஒரு ஆளும் ஒரு அங்குலம் நகரவில்லை. என் வீட்டுக்காரர் என் தோளைப் பிடித்தார். "போதும். தொண்ட போயிரப் போகுது" என்றார். நாலு மாதத்தைப் பற்றி அவர் ஒரு வார்த்தை சொல்லவில்லை. திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன்.

டாக்டர் ஒருவர் முதுகில் காது வைத்துப் பார்த்தார். நிற்க முடியாத ஆறேழு பேரைத்தான் ஒதுக்கினார். இவர் நின்றுகொண்டிருந்தார், அவர்களுக்கு அது போதும். ஒதுக்கியவர்களுக்கும் தார்ப்பாயில் போனவர்களுக்கும் பதில் ஆள் வேண்டுமே? அதற்கும் அவர்கள் தூரம் போகவில்லை. அண்ணனையும் அவன் எட்டு ஆட்களையும் கூட்டி வந்தார்கள். அட்டைகளை வாங்கி மேஜை இழுப்பறைக்குள் போட்டுக்கொண்டார்கள். கயிறு தெரிந்தவர்கள் கிடைப்பது அருமை என்று ஒருவன் இன்னொருவனிடம் சொன்னான்.

கம்பிக் கதவுக்கு அந்தப் பக்கம் அண்ணி வந்து நின்றாள். சங்குச் சத்தம் கேட்டு, மாப்பிள்ளை வந்துவிட்டார் என்று நினைத்து, சாப்பாட்டுத் தூக்கோடு வந்திருந்தாள். இரண்டு பிள்ளைகளும் அவள் பின்னால். என்னைப் பார்த்துச் சிரித்தாள். பிறகு என் தோளுக்கு மேல் பார்த்தாள்.

"உங்க அண்ணன் எதுக்கு அந்த வரிசையில நிக்கறாரு?" என்று கேட்டாள்.

நான், லவுட்ஸ்பீக்கர், ஊருக்கெல்லாம் சேதி கத்தியவள், அவளுக்குப் பதில் சொல்ல வாய் திறக்கவில்லை. அவள் மறுபடி கேட்டாள். அப்புறம் அவளுக்கே புரிந்துவிட்டது. தூக்கைக் கீழே வைத்துவிட்டுக் கதவுக் கம்பியைப் பிடித்துக்கொண்டு, "உன் கையப் பிடிச்சுக் கேட்டேனேடி" என்று மட்டும் சொன்னாள். சின்னவள் அப்பாவைப் பார்த்துக் கையாட்டினாள். அண்ணன் பதிலுக்குக் கையாட்டினான்.

பொழுது சாய்வதற்குள் எல்லோரையும் மறுபடி ஏற்றிவிட்டார்கள். ஏணிப்பலகையின் உச்சியில் ஒரு இரும்பு வாசல், தாழ்வானது. என் வீட்டுக்காரர் முதலில் போய், திரும்பி நின்று, அண்ணனுக்கு வழி காட்டினார். "தலையக் குனிஞ்சு வாங்க மச்சான், வாசல் சின்னது" என்றார். கல்யாணமான புதிதில் எங்கள் ஒற்றை அறை வீட்டுக்கு அண்ணன் முதல்முதலில் வந்தபோதும் இவர் இப்படித்தான் உபசாரம் செய்தார். அண்ணன் "பரவால்ல மாப்ள" என்று சொல்லிக்கொண்டே குனிந்து உள்ளே போனான்.

கப்பல் கிளம்பச் சங்கு கொடுத்தது. கொடுத்துவிட்டு நின்றது. கயிறு இன்னமும் தூணில் இருந்தது. அதை எடுத்துவிட வேண்டியவர்கள் ஒருவர் பாக்கியில்லாமல் கப்பலுக்குள் இருந்தார்கள். இஸ்திரி துறைமேடையைச் சுற்றிப் பார்த்தார். காவலுக்கு நின்றவர்களிடம் சொன்னார். அவர்கள் வந்தார்கள். நாங்கள் தூணைச் சுற்றி உட்கார்ந்துகொண்டோம். தையல்காரி கயிற்றின் மேலேயே உட்கார்ந்தாள்.

"சுட்டுட்டு எடுத்துக்க" என்றாள்.

யாரும் சுடவில்லை. அவ்வளவு பெண்களை, கப்பல் முழுக்க எங்கள் ஆண்கள் பார்த்துக்கொண்டிருக்க, சுடுவதற்கு இஸ்திரிக்கு மனம் வரவில்லையோ, தைரியம் வரவில்லையோ. கப்பலை நோக்கிக் கை காட்டினார். எந்திரம் ஓடத் தொடங்கியது. கயிறு தண்ணீரிலிருந்து எழும்பி, நீர் சொட்டி, நேராகி, முனகியது. தையல்காரி துள்ளி எழுந்தாள்.

கப்பலின் முன்பக்கத்தில் கயிறு இறங்கும் இடத்தில் இரண்டு பேரை நிறுத்தியிருந்தார்கள். ஒருவர் எறிகயிறு வேலைக்காரர், என் புருஷன். இன்னொருவன் கயிறு தெரிந்தவன், என் அண்ணன். அண்ணன் கையைக் குவித்துக் கத்தினான். அவனுக்கும் எங்கள் குடும்பத் தொண்டைதான்.

"தங்கச்சி! எடுத்து விட்ரு!"

"மாட்டேன்! நீ எறங்கி வந்து எடு!" என்றேன்.

"அறுந்துச்சுன்னா இந்தப் பக்கம்தான் தெறிக்கும்! ஆள ரெண்டா வெட்டிரும்! நானும் மாப்பிள்ளையும் நேரா நிக்கிறோம், நகர விடமாட்டேங்கறாங்க!"

கயிற்றில் ஒரு புரி பட்டென்று அறுந்து சுருண்டது. பொய் சொல்கிறவன் இல்லை என் அண்ணன், கயிறு விஷயத்தில்.

"தளர்த்தச் சொல்றேன்! தளர்ந்த உடனே தூக்கு! விரல உள்ள விடாத, வெளிப்பக்கமாப் பிடி!"

எந்திரச் சத்தம் குறைந்தது. கப்பல் ஒரு ஆள் நீளம் பின்னுக்கு வந்தது. கயிறு தொய்ந்தது. நான் தூணுக்கு முன்னால் குந்தினேன். புதுப்பொண்ணு ஒரு பக்கம் வந்தாள், தையல்காரி இன்னொரு பக்கம் வந்தாள். வெளிப்பக்கமாகப் பிடித்து, மூன்று பேரும் சேர்ந்து வளையத்தைத் தூணின் தலைக்கு மேல் தூக்கித் தண்ணீரில் போட்டோம். மேலே அவர்கள் இரண்டு பேரும் சேர்ந்து அதை இழுத்து எடுத்துக்கொண்டார்கள்.